வெறும் வயிற்றுக் காலைகள்

காய்ச்சல் விட்டு ஆஸ்பத்திரியிலிருந்து நான் வீடு திரும்பிய அன்று, தம்பி கேட்டுக்கு உள்பக்கம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆட்டோவிலிருந்து இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு, கேட்டுக் கம்பிகளுக்கு அருகில் போய் நின்ற பிறகும் அவன் தாழ்ப்பாளில் கை வைக்கவில்லை. என் முகத்தை, ஊசி ஏற்றிய இடத்தில் கன்றியிருந்த நீலத்தை, என் செருப்பை, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"அக்கா, நீ செத்துட்டு வந்தியா?" என்று கேட்டான்.

"இல்லடா. காய்ச்சல். கொசு கடிச்சு வந்த காய்ச்சல்."

"அம்மாவும் ஆஸ்பத்திரிக்குத்தான் போச்சு" என்றான். பிறகு கேட்டைத் திறந்துவிட்டான்.

நாற்பதை நெருங்கும் ஆள் அவன். எனக்கு ஏழு வயது இளையவன். பிறந்த நேரத்தில் மூச்சுத் திணறியதில் மூளையில் ஒரு பகுதி தூங்கிப்போய்விட்டது என்று டாக்டர் அம்மாவிடம் சொன்னாராம். அம்மா கடைசிவரை அதே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், என்றைக்காவது அது விழித்துக்கொள்ளும் என்பதுபோல. அப்பா ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியேறியவர், ஓய்வு பெற்றதும் திருமுல்லைவாயிலில் சின்னதாக ஒரு வீடு கட்டினார். இப்போது இருவரும் இல்லை. கீழே நானும் தம்பியும். மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ரப்பர் உதிரிப் பாகங்கள் செய்யும் கம்பெனியில், சரக்கு அனுப்பும் பிரிவில் இருக்கிறேன். தம்பி ஆவடியில் ஓர் இனிப்புக் கடையில் அட்டைப் பெட்டி மடிக்கிறான். காலையில் இருவரும் ரயிலேறி முதலில் ஆவடிக்குப் போவோம். அவனைக் கடையில் விட்டுவிட்டு, எதிர்ப்பக்கம் வண்டி பிடித்து, எங்கள் ஊரையே மறுபடியும் கடந்து நான் அம்பத்தூர் போவேன். சாயங்காலமும் இதேதான், தலைகீழாக. ஒரே வேலிக் கம்பிகள், ஒரே கொடியில் காயும் துணிகள், ஒரு நாளில் நான்கு தடவை என் ஜன்னலைக் கடந்து போகும். சில நாட்களில் ஆவடிக்குப் போய்க்கொண்டிருக்கிறேனா, வந்துகொண்டிருக்கிறேனா என்றே எனக்குத் தெரியாது. அதில் வருத்தம் ஒன்றும் இருந்ததில்லை. அரைத் தூக்கத்தில் ஓடும் வாழ்க்கைக்கும் ஒரு சுகம் உண்டு.

நான் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் மாடி வீட்டு அம்மாள்தான் அவனுக்குச் சோறு போட்டிருக்கிறார். "சாப்புட்டுட்டு கேட்டுக்கிட்ட போய் குந்திக்கும்மா. கூப்புட்டா வராது" என்றார். அதைக் கேட்ட பிறகு என் உடம்பைப் பற்றி நான் யோசித்த விதமே மாறிவிட்டது. அதுவரை அது எனக்குச் சொந்தமானது என்று நினைத்திருந்தேன்.

அந்த வாரமே இன்சூரன்ஸ் ஏஜெண்டைக் கூப்பிட்டேன். நூம்பலில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். எங்கள் கம்பெனியில் பாதிப் பேருக்குப் பாலிசி போட்டுத் தந்தவர் அவர்தான். பைக்கை வாசலில் நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"உங்களுக்கு இன்னாக்கா, கல்லு மாரி கீறீங்க. ஒரு மெடிக்கல், அவ்ளோதான். பொங்கலுக்குள்ள பாலிசி பாண்டு கைல."

வரிசையாகக் கேள்விகள் கேட்டார். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, அப்பா எதில் போனார், அம்மா எதில் போனார். அப்பாவுக்கு நெஞ்சுவலி, அம்மாவுக்குச் சிறுநீரகம் என்றேன். ஒரே நிமிடத்தில் இருவரையும் சொல்லி முடித்தது விசித்திரமாக இருந்தது.

"சமீபத்துல ஆஸ்பத்திரில படுத்தீங்களா?"

"போன வாரம்தான். டெங்கு."

அவருடைய பேனா நின்றது. "போட்டுர்லாம்க்கா. நாளைக்கு தம்பிக்கு எந்த சிக்கலும் வரக்கூடாது. ஆனா மேல கேள்வி கேப்பாங்கோ. கொஞ்சம் லேட்டாவும்."

அவர் "மேல" என்று சொன்னது தலைமை அலுவலகத்தை. தம்பி அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தான்.

எனக்குப் பிறகு அந்தப் பணத்தை வைத்து அவனை யார் பார்த்துக்கொள்வார்கள் என்றும் கேட்டார். வேலூரில் இருக்கும் சித்தி மகளுக்குப் போன் செய்தேன். தயங்கித் தயங்கி ஆரம்பித்தேன். அவள் என்னை முடிக்கவிடவில்லை. "நீ இன்சூரன்ஸ் போட்டாலும் போடாட்டாலும் அவன் எங்ககூடதான்டி இருப்பான். இதுக்கு ஏன் இப்படி இழுக்குற?" என்று திட்டினாள். போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சமையலறையில் சும்மா நின்றேன். பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது.

முதல் பரிசோதனை மார்கழியில் வந்தது, அம்பத்தூரில் ஓர் ஆய்வகத்தில். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் தவிர எதுவும் கூடாது என்றார்கள். காபி குடிக்காத ஒரு காலையை நான் பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன். தெருவில் கோலப்பொடியின் வெள்ளை மட்டும் தரையிலிருந்து தனியே மிதந்தது. மூடுபனியில் ஸ்டேஷனின் மறுகோடி தெரியவில்லை. ரயில் வந்தபோது முதலில் சத்தம் வந்தது, பிறகு விளக்கு வந்தது, வெகு நேரம் கழித்துத்தான் ரயில் வந்ததாக எனக்குத் தோன்றியது. தம்பி என் துப்பட்டா நுனியைப் பிடித்திருந்தான். அம்பத்தூரில் இறங்கியபோது யாரோ ஒருவருடைய கனவுக்குள் தவறி நுழைந்துவிட்டதுபோலக் கால்கள் லேசாக இருந்தன. வெறும் வயிறு செய்யும் வேலை அது என்று இப்போது தெரிகிறது.

ரத்தம் எடுத்தார்கள். எடை பார்த்தார்கள். இடுப்பைச் சுற்றி டேப் வைத்து அளந்தார்கள். எனக்கு ஜாக்கெட் தைக்கும் பெண்ணைத் தவிர யாரும் என்னை அப்படி அளந்ததில்லை. ஈசிஜி எடுக்கும்போது தம்பியைத் திரைக்கு அப்பால் உட்காரவைத்திருந்தார்கள். கை கால்களில் கிளிப்புகள் மாட்டியதைத் திரையின் இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டான்.

"அக்காவுக்கு சார்ஜ் போடுறீங்களா?"

"ஆமாண்ணா, ஃபுல் ஆனதும் அனுப்பிடுறேன்" என்றாள் அந்த டெக்னீஷியன் பெண். நான் சிரித்தேன். "சிரிக்காதீங்க மேடம், கோடு ஆடுது" என்றாள்.

டாக்டர் அம்மாள் மெல்லிய குரலில் பேசுகிறவர். பிரஷர் பார்த்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "எதை நினைச்சு இவ்வளவு படபடப்பு?"

"தம்பி வெளிய தனியா இருக்கான் மேடம்."

அவனை உள்ளே கூப்பிட்டு என் பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து மூன்றாவது முறை பார்த்தார். இறங்கியிருந்தது. ஆனால் மூன்று அளவையும் எழுதத்தான் வேண்டும் என்றார். "மறைக்கக் கூடாதும்மா, கோவிச்சுக்காதீங்க."

பொங்கல் போயிற்று. தை முடிந்தது. பாண்டு வரவில்லை. ஏஜெண்டுதான் வந்தார்.

"ஒண்ணியும் இல்லக்கா. ஈசிஜில ஒரு சின்ன மாறுதல் கீதாம். அப்பாவுக்கு நெஞ்சுவலின்னு வேற போட்டுகிறோம். பிரஷரும் முதல்ல தூக்கலா கீது. அதான் எக்கோவும் டிரெட்மில்லும் பண்ணி அனுப்பச் சொல்றாங்கோ. டெங்கு பேப்பரும் வோணுமாம்."

"மாறுதல்னா என்ன?"

"அது எனக்கு தெரியாதுக்கா. மேல இருந்து சொல்றாங்கோ."

தம்பி மறுபடியும் அண்ணாந்து பார்த்தான். இந்தத் தடவை நானும் பார்த்தேன். எங்கோ ஓர் உயரமான கட்டடத்தில், நான் பார்த்தேயிராத ஒருவர், என் நெஞ்சு போட்ட கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறார். அவர் காபி குடித்திருப்பாரா, அவருடைய ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கும் என்றெல்லாம் நினைத்துப் பார்ப்பேன். கம்பெனியில் பெட்டிகளின் மேல் முகவரிச் சீட்டு ஒட்டிக்கொண்டிருக்கும்போது திடீரென்று கை நின்றுவிடும். நெஞ்சுக்குள் காதுகொடுத்துப் பார்ப்பேன். ஒன்றும் கேட்காது. இத்தனை வருஷமாக என்னோடு பேச்சுவார்த்தை இல்லாமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒன்றை, அவர் சொல்லித்தான் நான் திரும்பிப் பார்க்கிறேன் என்பது கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

எக்கோவும் டிரெட்மில்லும் பூந்தமல்லியில் ஒரு மையத்தில். ஆவடியிலிருந்து பருத்திப்பட்டு வழியாகப் பேருந்தில் போனோம். கடையில் தம்பிக்கு விடுப்பு சொல்லியிருந்தேன். லேசாகத்தான் சாப்பிட வேண்டும் என்றதால் எனக்கு இரண்டு இட்லி. என் பங்கில் மிச்சத்தையும் அவன் சேர்த்துச் சாப்பிட்டான்.

எக்கோ அறை இருட்டாக இருந்தது. ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, நெஞ்சில் குளிர்ந்த பசையைத் தடவினார்கள். தம்பி அடம்பிடித்ததால் அவனைத் தலைமாட்டில், திரைக்குப் பின்னால் உட்கார அனுமதித்தார்கள். கம்ப்யூட்டர் திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ திறந்து மூடிக்கொண்டிருந்தது. மழைக் காலத்தில் ஏரித் தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து பார்த்தால் இப்படித்தான் தெரியும். பிறகு டாக்டர் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார். அறை முழுக்கச் சத்தம் நிறைந்தது. விட்டு விட்டு, இழுத்து இழுத்து, தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சித் தள்ளும் சத்தம். அது என்னுடையது என்று நம்பவே முடியவில்லை. அவ்வளவு உழைப்பா, கேட்பாரில்லாமல்? கண்ணோரம் நனைந்தது. பசை கையில் ஒட்டியிருந்ததால் துடைத்துக்கொள்ளவில்லை.

"அக்கா, மோட்டார் ஓடுது" என்றான் தம்பி திரைக்குப் பின்னாலிருந்து.

"ஆமாடா."

"தண்ணி ஏறுதா?"

"நல்லா ஏறுது" என்றார் டாக்டர்.

அடுத்தது டிரெட்மில். அந்த அறைக்குள் அவனை விடமுடியாது என்றார்கள். கதவில் சின்னக் கண்ணாடிச் சதுரம் ஒன்று இருந்தது. அதன் வழியே பார்த்தால் தெரிகிற நாற்காலியில் அவனை உட்காரவைத்தேன். அவனுடைய போனை என் பையிலேயே வைத்துக்கொண்டேன், தொலைத்துவிடுவான் என்று. பச்சை அங்கி மாட்டி, நெஞ்சு முழுக்க ஒயர்களை ஒட்டி, என்னைப் பட்டையின் மேல் ஏற்றினார்கள். அது நகர ஆரம்பித்தது. முதலில் மெதுவாக, கோயில் பிரகாரம் சுற்றும் நடை. பிறகு வேகம் கூடியது, மேடும் ஏறியது. எவ்வளவு நடந்தாலும் சுவர் அதே இடத்தில் இருந்தது. மூச்சு வாங்கியது, ஆனால் உடம்பு எங்கோ விலகிப்போய்த் தானாக நடப்பதுபோல ஒரு மயக்கமும் வந்தது. திரும்பிக் கண்ணாடிச் சதுரத்தைப் பார்த்தேன். நாற்காலி காலியாக இருந்தது.

"நிறுத்துங்க."

"வலிக்குதா மேடம்? மூச்சு முட்டுதா?"

"இல்ல. என் தம்பியக் காணோம்."

"இன்னும் ஒரு ஸ்டேஜ்தான் மேடம். இப்ப நிறுத்தினா..."

"நிறுத்துங்க!"

ஒயர்களை நானே பிய்த்தேன். சுடிதாரை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினேன். கழிவறையில் இல்லை. டீக்கடையில் இல்லை. வரவேற்பில் இருந்த பெண், "அவரு வெளிய போனாரே, உங்ககிட்ட சொல்லிட்டுப் போறாருன்னு நெனச்சேன்" என்றாள். பூந்தமல்லி நெடுஞ்சாலை வெயிலில் உருகிக்கொண்டிருந்தது. லாரிகள், பேருந்துகள், மேலே மெட்ரோவுக்காகப் பாதி கட்டிய தூண்கள். யாரைப் பார்த்தாலும் அவன் முதுகு மாதிரியே இருந்தது. பேருந்து நிலையத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒவ்வொரு வண்டியின் ஜன்னலையும் பார்த்துக்கொண்டே போனேன். நெஞ்சில் ஒட்டியிருந்த பசை துணியை நனைத்துக் குளிர்ந்தது.

ஏஜெண்டைத்தான் கூப்பிடத் தோன்றியது. நூம்பலிலிருந்து கடையை அப்படியே விட்டுவிட்டுப் பைக்கில் வந்துவிட்டார்.

"எப்பக்கா பாத்தீங்க கடைசியா? இன்னா சட்ட?"

"நீலக் கட்டம் போட்டது. கழுத்துல பஸ் பாஸ் தொங்கும்."

"ஏறுங்க. ஆவடி ரோட்டுல பாத்துகினே போலாம். பயப்படாதீங்க, அவுரு எங்கியும் போமாட்டாரு."

இருபக்கமும் பார்த்துக்கொண்டே போனோம். காடுவெட்டி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் என் போன் அடித்தது. மாடி வீட்டு அம்மாள்.

"ஏம்மா, உன் தம்பி மோட்டாரப் போட்டு உட்டுட்டு படிக்கட்டுலயே குந்திகினு கீது. டேங்க் ரொம்பி ஊடெல்லாம் தண்ணியா ஊத்துது. நான் நிறுத்தட்டா?"

"தம்பி அங்க இருக்கானா?" என்றேன். ஏஜெண்டு வண்டியை ஓரம் கட்டினார். புளியமர நிழலில், ஹெல்மெட்டைக் கழற்றாமலே, நான் அழுது முடிக்கும்வரை சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்குப் போனபோது முற்றம் ஈரமாக இருந்தது. தம்பி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தில் கோபம்.

"காலைல மோட்டார் போட மறந்துட்ட. அங்க சத்தம் கேட்டுச்சு, அப்ப ஞாபகம் வந்துச்சு. நீ ஓடிக்கினே இருந்த. கூப்புட்டேன், உனக்கு கேக்கல."

"எப்படிடா வந்த?"

"பஸ்ஸுல ஆவடி. கண்டக்டர்கிட்ட பாஸ் காட்னேன். ஆவடில ரயிலு. அண்ணனூர்ல எறங்கல. நம்ம ஸ்டேஷன்லதான் எறங்கினேன்."

எல்லாம் தெரிந்த விஷயம்தான் என்பதுபோலச் சொன்னான். ஏஜெண்டு பைக்கில் சாய்ந்துகொண்டு, "நைனா, நீ பெரிய ஆளுப்பா" என்றார். தம்பி தலையாட்டி ஒப்புக்கொண்டான்.

பாதியில் நின்ற டிரெட்மில்லுக்கான விலையைப் பின்னால் கொடுத்தேன். நாள் கணக்கில் அல்ல, மாதக் கணக்கில்.

"டெஸ்ட்ட பாதில உட்டா, மேல கீறவனுக்கு இன்னா தோணும்? நெஞ்சுவலி வந்து எறங்கிட்டாங்கன்னு நெனப்பான்" என்று ஏஜெண்டு தலையில் கை வைத்தார். நடந்ததை அப்படியே எழுதிக் கொடுக்கச் சொன்னார். "என் தம்பி தண்ணீர் மோட்டார் போடுவதற்காக வீட்டுக்குப் போய்விட்டான்" என்று ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பதில் வந்தது: கொஞ்ச காலம் கழித்து முழுப் பரிசோதனையும் மறுபடி செய்ய வேண்டும், அதுவரை முடிவு ஒத்திவைக்கப்படுகிறது.

ஒத்திவைக்கப்பட்ட அந்த மாதங்களை இப்போது நினைத்தால் ஒரே நீளமான மத்தியானம்போல இருக்கிறது. எதுவும் நடக்காத, ஆனால் எல்லாமே கொஞ்சம் நகர்ந்துகொண்டிருந்த மத்தியானம். தம்பி தனியாக வந்த அந்தப் பயணம் என்னை விடவில்லை. அவனால் முடியாது என்று அம்மா சொல்லியிருந்தாள். நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவனிடம் யாரும் கேட்டதில்லை.

ஒரு திங்கட்கிழமை, "நீ மட்டும் ஆவடிக்குப் போறியா?" என்று கேட்டேன்.

"போறேன். நீ?"

"நான் அம்பத்தூர் போறேன்."

சொன்னேனே தவிர, அவன் ஏறிய வண்டியிலேயே பெண்கள் பெட்டியில் நானும் ஏறிக்கொண்டேன். அண்ணனூரில் தலையை நீட்டிப் பார்த்தேன். ஆவடியில் தூரத்திலிருந்தே பின்தொடர்ந்தேன். பூக்கடைக்காரியிடம் ஏதோ பேசினான். சாலையைக் கடக்குமுன் இரண்டு பக்கமும் பார்த்தான், நான் பார்ப்பதைவிட அதிக நேரம். கடைக்குள் போகும்வரை பார்த்துவிட்டுத் திரும்பினேன். அந்த வாரம் முழுக்க இப்படியே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்:

"நீ ஏன் பின்னாடி பொட்டில வர?"

எனக்குப் புரையேறியது.

"உனக்கு அம்பத்தூர் அந்தப் பக்கம். வழி மறந்துட்டியா?"

அடுத்த திங்களிலிருந்து நான் நேராக அம்பத்தூர் போனேன். எதிரெதிர் நடைமேடைகளில் நிற்போம். அவனுடைய வண்டி முதலில் வந்தால் எங்களுக்கு நடுவே வந்து நின்று, ஜன்னல் ஜன்னலாக அவனை அழித்துக்கொண்டு போகும். போன பிறகு எதிர் நடைமேடை வெறுமையாக இருக்கும், ஒரு நாய் மட்டும் படுத்திருக்கும். முதல் சில நாட்கள் அந்த நாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு ஒரு நாள், எஸ்டேட்டுக்குச் சீக்கிரமே போய்ச் சேர்ந்து, கம்பெனி வாசலில் டீ வாங்கிக்கொண்டு சும்மா நின்றேன். எனக்கென்று கிடைத்த அந்தக் கொஞ்ச நேரத்தை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. லேத் பட்டறைகள் ஒவ்வொன்றாக முனக ஆரம்பித்தன. வேப்பம்பூ உதிர்ந்து டீயில் விழுந்தது. எடுக்காமல் குடித்துவிட்டேன்.

சித்திரை வெயிலில் மறுபரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். அன்று தம்பி வழக்கம்போலக் கடைக்குப் போனான். நான் மட்டும் பூந்தமல்லிக்குப் பேருந்து ஏறினேன். அன்று டிரெட்மில்லில் ஏற்றிய அதே டெக்னீஷியன் பெண்.

"இன்னிக்கு தம்பி வரலையா மேடம்?"

"வேலைக்குப் போயிருக்கான்."

"அப்பாடா" என்றாள்.

பட்டை நகர்ந்தது. அதே சுவர். கண்ணாடிச் சதுரத்துக்கு அப்பால் யாரோ ஒரு பெரியவர் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வேகம் கூடக் கூட, முன்பு வந்த அதே மயக்கம் வந்தது. இந்த முறை அதை விரட்டவில்லை. எங்கள் தெருவில் நடப்பதாக நினைத்துக்கொண்டேன். தெரு முடிந்தது. கோயில் குளத்தைத் தாண்டினேன். ரயில் பாதையைத் தாண்டினேன். ஏரிக்கரையில் காற்று அடித்தது. யாரும் என் துப்பட்டாவைப் பிடித்திருக்கவில்லை. நானும் யாருடைய கையையும் பிடித்திருக்கவில்லை. வியர்வை வழிந்தது, கால் வலித்தது, ஆனால் நிற்கத் தோன்றவில்லை. அவள்தான் நிறுத்தினாள். "போதும் மேடம், முடிஞ்சிடுச்சு. சூப்பரா பண்ணீங்க." இறங்கிய பிறகும் தரை கொஞ்ச நேரம் என் காலடியில் நகர்ந்துகொண்டிருந்தது.

பாலிசி வந்த செய்தியை ஒரு சாயங்காலம் ரயிலில், கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு, போனில் படித்தேன். ஏற்றுக்கொண்டார்கள், முதல் நாள் பிரஷரை மனதில் வைத்து, தவணையைக் கொஞ்சம் கூட்டியிருந்தார்கள். பெரிதாக ஏதாவது தோன்றும் என்று இத்தனை மாதம் காத்திருந்தேன். தோன்றவில்லை. அம்பத்தூரில் என்னோடு ஏறிய யாரோ மல்லிகை வைத்திருந்தார்கள். பெட்டி முழுக்க அந்த வாசனைதான் இருந்தது. என் மரணம் இப்போது தம்பிக்கு உதவும் என்று ஒரு எண்ணம் வந்தது. அது பயமாகவும் இல்லை, ஆறுதலாகவும் இல்லை. வாசனைபோல வந்து, திருமுல்லைவாயிலில் கதவருகே நான் இடித்துப் பிடித்து இறங்கியபோது காணாமல் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை ஏஜெண்டு அதைக் காகிதத்தில் அச்செடுத்துக்கொண்டு வந்தார். கூடவே லட்டும். "இவ்ளோ லேட்டானதுக்கு என்ன திட்டாதீங்கக்கா" என்றார். தம்பி ஒரு லட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் காகிதத்தைப் பார்த்தான்.

"இது இன்னாது?"

"உங்க அக்காவுக்கு எதுனா ஆச்சுன்னா, உனக்கு பணம் வரும் நைனா. நீ நல்லா இருக்கலாம்."

லட்டைத் தட்டில் திரும்ப வைத்தான்.

"எனக்கு எதுனா ஆச்சுன்னா?"

ஏஜெண்டு என்னைப் பார்த்தார்.

"அக்காவுக்கு இன்னா வரும்? எனக்கு யாரும் ஊசி போடல. சார்ஜ் போடல. எனக்கும் போடு."

"உனக்கு அதெல்லாம் வேணாம்டா" என்றேன்.

"ஏன் வேணாம்? நான் செத்தா நீ தனியா இருப்ப."

ஏஜெண்டு ஹெல்மெட்டின் பட்டையைத் திருகிக்கொண்டே இருந்தார். அவனுக்குப் பாலிசி கிடைப்பது கஷ்டம் என்று என்னிடம் முன்பே சொல்லியிருந்தார். இப்போது, "மொதல்ல மெடிக்கல் பண்ணுவோம் நைனா. அப்புறம் பாப்போம்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் அவனை அதே அம்பத்தூர் ஆய்வகத்துக்கு அழைத்துப் போனேன். இன்சூரன்ஸுக்காக இல்லை; அவனுக்காக. முதல் நாள் ராத்திரியே, "இனிமே தண்ணி மட்டும்தான்" என்று தானே அறிவித்துவிட்டான். காலையில் பசி தாங்காமல் முகம் சுருங்கியிருந்தது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. கையை நீட்டினான். ரத்தம் குழாயில் ஏறியபோது கண்ணை மூடாமல் பார்த்தான். "இது என்னுதா?" என்று இரண்டு முறை கேட்டான். கிளிப்புகள் மாட்டியதும், சிரித்தால் கோடு ஆடும் என்று யாரோ சொன்னதுபோல, உதட்டை இறுக்கி வைத்துக்கொண்டான். எக்கோவும் வேண்டும் என்றான். அது இன்னொரு நாள் என்று சமாதானம் சொன்னேன்.

முடிவை வாங்க மாலையில் மறுபடியும் போனோம். இதயம் நன்றாக இருந்தது. சர்க்கரைதான் எல்லையைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. இனிப்புக் கடையில் உடைந்த துண்டுகளெல்லாம் யாருக்குப் போகின்றன என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. டாக்டர் அம்மாள் அவனிடமே பேசினார், என்னைப் பார்க்காமல். "மாத்திரை வேண்டாம். தினமும் நடக்கணும். இனிப்பு கிடையாது. செய்வீங்களா?"

"செய்வேன்" என்றான். வெளியே வந்ததும், "அந்த டாக்டர் நல்லா இல்ல" என்றான்.

கடை முதலாளியம்மாளிடம் சொல்லி வைத்தேன். இப்போது அவனுக்குத் துண்டு கிடைப்பதில்லை. கொஞ்ச நாள் அவரிடம் பேசாமல் இருந்தான், பிறகு பேச ஆரம்பித்துவிட்டான். விடிந்ததும் இருவரும் நடக்கப் போகிறோம். வெயில் ஏறும் முன் ஏரிப்பக்கம் ஒரு சுற்று. எதிரில் வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி, "எனக்கு சுகர் கீது" என்று சொல்கிறான். சிலர் ஒதுங்கிப் போகிறார்கள். பால் பூத்துக்காரர் மட்டும் முதல் நாளே, "எனக்குந்தாம்பா, பல வருசமா" என்றார். தம்பி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கையை நீட்டினான். அவர் ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு குலுக்கினார். அன்றிலிருந்து தினமும் அவர்கள் கைகுலுக்கிக்கொள்கிறார்கள். நான் பால் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு காத்திருக்கிறேன்.